மலையாள சினிமாவின் இயல்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: "மஞ்ஞுமல் பாய்ஸ், கும்பளங்கி நைட்ஸ், தி கிரேட் இந்தியன் கிச்சன் எல்லாம் பார்த்துவிட்டேன். மலையாளப் படங்கள் மட்டும் எப்படி இவ்வளவு இயல்பாக இருக்கின்றன? கேரளத்தில் படித்தவர்கள் அதிகம் என்பதாலா? எப்போதுமே இப்படித்தானா? பழைய படங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

எப்போதுமே இப்படி இல்லை. பிரேம் நசீர் மாறுவேடத்தில் வந்து துப்பறிந்த படங்களுக்கும், வடக்கன் பாட்டுகள் என்ற வடகேரள வீரக் கதைப்பாடல்களை வைத்து எடுத்த வாள்சண்டைப் படங்களுக்கும், மீசையை முறுக்கிக்கொண்டு தம்புரான், அதாவது நிலவுடைமைப் பிரபு, நடந்துவந்த படங்களுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் இதே கேரள மக்கள்தான். அவர்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதனால் 'படித்தவர்கள், ஆகவே நல்ல படம்' என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை.

நான் நம்புவது வேறு. மலையாள சினிமாவில் எழுத்தாளருக்கு 1950களில் நடுநாயகமான ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் இருந்தவரை படங்கள் நன்றாக இருந்தன. 1990களின் கடைசியில் அது கைவிட்டுப் போனபோது சினிமாவும் சரிந்தது. 2011 வாக்கில் அந்த இடம் திரும்பக் கிடைத்ததும் மறுபடி எழுந்தது. இதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். திரையில் யார் தெரியலாம், யார் தெரியக்கூடாது என்கிற இன்னொரு கதையும் கூடவே ஓடுகிறது. அது முதல் படத்திலேயே தொடங்கிவிட்டது.

முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்'. மௌனப் படம். வெளியான வருடத்தை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டார். இந்தியாவில் பெரும்பாலோர் புராணக் கதைகளைப் படமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. டேனியலோ இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பையனின் கதையை, அன்றைய காலத்திலேயே நடக்கும் குடும்பக் கதையை எடுத்தார். சாமி இல்லை, ராஜா இல்லை. மலையாள சினிமாவின் முதல் அடியே அப்படி விழுந்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. புலயர் சமூகத்தைச் சேர்ந்த, கூலி வேலை செய்த, காக்காரிசி என்ற நாட்டார் நாடகங்களில் நடித்த பெண். படத்தில் அவருக்கு நாயர் வீட்டுப் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் போட்டபோது, ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வருவதைப் பொறுக்காதவர்கள் திரை மீது கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் வந்து, வேறு பெயரில், தான் யார் என்பதைச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். டேனியல் கடனாளியாகி, பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு மறுத்தது. 1992 முதல் அதே அரசு தன் மிக உயர்ந்த சினிமா விருதை அவர் பெயரில்தான் கொடுக்கிறது. ரோசியின் பெயர் திரும்பி வர இன்னும் நெடுங்காலம் ஆனது. இன்று சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் இன்னும் நேரடியான பங்கு உண்டு. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938இல் வெளியானது. தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) படத்தையும் அவரே எடுத்தார். கேரளத்தில் உருப்படியான ஸ்டுடியோ என்று வந்தது 1947இல் ஆலப்புழையில் குஞ்சாக்கோவும் கே.வி. கோசியும் தொடங்கிய உதயாவோடுதான். அதற்குச் சில வருடங்கள் கழித்துத் திருவனந்தபுரத்தில் பி. சுப்ரமணியத்தின் மெரிலாண்ட் வந்தது. அப்படியும் 1980கள் வரை மலையாள சினிமா பெரும்பாலும் கோடம்பாக்கத்தில்தான் குடியிருந்தது. தமிழ்ப் படம் எடுத்த அதே தளங்கள், அதே லேப், அதே லைட்மேன்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் தமிழ்ப் படத்தின் நாடக பாணியும், ஹிந்தி மெட்டுகளும் தெளிவாகத் தெரியும். மலையாள சினிமாவுக்குத் தனி முகம் கிடைத்தது ஒரே ஒரு படத்தில் என்று சொல்ல வேண்டுமானால் நான் 1954இல் வந்த 'நீலக்குயில்' படத்தைச் சொல்வேன்.

நீலக்குயிலை இயக்கியவர்கள் கவிஞர் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும். கதை நாவலாசிரியர் உரூப்புடையது. ஒரு நாயர் பள்ளி ஆசிரியர் நீலி என்கிற தலித் பெண்ணைக் காதலித்து, அவள் கர்ப்பமானதும் சாதிக்குப் பயந்து கைவிடுகிறார். அவள் ரயில் பாதை ஓரம் குழந்தையைப் பெற்றுவிட்டுச் செத்துப் போகிறாள். அந்தக் குழந்தையை ஊர் தபால்காரர் எடுத்து வளர்க்கிறார். தபால்காரராக நடித்தவர் பாஸ்கரனே. இசையமைத்த கே. ராகவன் இரவல் மெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு கேரள முஸ்லிம்களின் மாப்பிளப் பாட்டையும் நாட்டுப் பாட்டையும் உள்ளே கொண்டுவந்தார். மலையாளத் திரைப்பாட்டு மலையாளமாக ஒலிக்க ஆரம்பித்தது அங்கேதான். படத்துக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இன்று பார்த்தால் குறைகள் தெரியும். நீலி கதையின் பாதியிலேயே செத்துவிடுகிறாள், மீதிப் படம் அந்த ஆசிரியரின் மனசாட்சியைப் பற்றியதாகிவிடுகிறது. ஆனாலும் சாதியை ஊர்ப் பெயர் தெரிய, முகம் தெரியத் திரையில் வைத்த துணிச்சல் அதில் இருந்தது.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? சினிமாவுக்கு வெளியே இருந்து. 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூரின் வாசகசாலைகளை ஒரே சங்கமாக இணைத்தார். அப்புறம் சிற்றூர்களில்கூட ஒரு வாசகசாலை, அதன் திண்ணையில் ஒரு விவாதம் என்பது பழக்கமாகிவிட்டது. இடதுசாரிகளின் கே.பி.ஏ.சி. நாடகக் குழு தோப்பில் பாஸியின் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தகழி, கேசவதேவ், பஷீர், உரூப் ஆகியோரின் கதைகள் ரிக்‌ஷாக்காரரையும் தோட்டியையும் மீனவரையும் நாயகர்களாக்கின. சினிமாவுக்கு முன்பே மக்கள் அந்தக் கதைகளைப் படித்திருந்தார்கள், அல்லது மேடையில் பார்த்திருந்தார்கள். படம் எடுக்க வந்தவருக்கு இந்த எழுத்தாளர்களைத் தாண்டிப் போக முடியவில்லை. பஷீரே 'பார்கவி நிலையம்' (1964) படத்துக்குத் திரைக்கதை எழுதினார். தோப்பில் பாஸி, எஸ்.எல். புரம் சதானந்தன் போன்ற நாடகக்காரர்கள் முழுநேரத் திரைக்கதை ஆசிரியர்கள் ஆனார்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் 1965இல் 'முறப்பெண்ணு' எழுதி உள்ளே வந்தார். திரைக்கதையைப் புத்தகமாக அச்சிட்டு விற்பதும், அதை நாவல் போல வாங்கிப் படிப்பதும் கேரளத்தில் சகஜமானது. சுவரொட்டியில் எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று உருவானது.

'செம்மீன்' (1965) பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தகழியின் நாவலைத் தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பிலேயே படிக்கலாம். தென்னிந்தியாவுக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கொண்டுவந்த படம் இது. சலில் சௌத்ரி இசை, மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு, ஹிருஷிகேஷ் முகர்ஜி படத்தொகுப்பு என்று இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ராமு காரியாட் எடுத்தார். கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலில் இருக்கும் கணவனைக் காக்கிறது என்ற நம்பிக்கையைப் படம் எதிர்த்துக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அதே காலத்தில் வெகுஜனப் படங்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நசீரும் ஷீலாவும் 130 படங்களில் ஜோடியாக நடித்ததைச் சாதனையாகக் குறிப்பிடுவார்கள். அந்தப் படங்களில் பலவற்றை இன்று உட்கார்ந்து பார்ப்பது கடினம். ஆனால் வயலார் எழுதி, தேவராஜன் இசையமைத்து, யேசுதாஸ் பாடிய பாட்டுகள் அவற்றில்தான் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு மலையாளியின் மனதைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்த பெரிய திருப்பம் திரைப்படச் சங்கங்கள். புனே திரைப்படக் கல்லூரியில் படித்து முடித்த அடூர் கோபாலகிருஷ்ணன், நண்பர் குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியவர்களோடு 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். உலகப் படங்களைத் திரையிடுவது, அவற்றைப் பற்றிப் பேசுவது, எழுதுவது. அப்புறம் அதே குழு கூட்டுறவு அமைப்பாகப் பதிந்து, அரசின் திரைப்பட நிதிக் கழகத்திடம் கடன் வாங்கி, 1972இல் 'சுயம்வரம்' எடுத்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு என நான்கு தேசிய விருதுகள். கேரளம் முழுக்கச் சிறு ஊர்களில் இப்படிச் சங்கங்கள் முளைத்தன. வாசகசாலையில் புத்தகம் பற்றி விவாதித்தவர்களுக்குப் படம் பற்றி விவாதிப்பது புதிதாகத் தெரியவில்லை. 1996இல் தொடங்கி, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைகொண்ட கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் நின்று ஈரானியப் படத்துக்கு இடம் பிடிப்பதன் வேர் இதில்தான் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லத்தில் முந்திரி வியாபாரம் செய்த கே. ரவீந்திரநாதன் நாயர், ஜெனரல் பிக்சர்ஸ் என்ற பெயரில் இயக்குநர் அரவிந்தனின் 'காஞ்சன சீதா', 'தம்பு', 'கும்மாட்டி', 'எஸ்தப்பான்' படங்களையும், அடூரின் 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்', 'விதேயன்' படங்களையும் தயாரித்தார். லாபக் கணக்கு பார்க்கிறவர் கை வைக்கவே தயங்கும் படங்கள் இவை. அரவிந்தன் ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாத்ருபூமி வார இதழில் கார்ட்டூன் தொடர் வரைந்தவர். காஞ்சன சீதாவில் ராமனாகவும் லட்சுமணனாகவும் ஆந்திராவின் ஆதிவாசிகளை நடிக்கவைத்தார். நாட்காட்டியில் பார்த்துப் பழகிய ராமனை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது பேரதிர்ச்சி. 'எலிப்பத்தாயம்' (1981) நிலவுடைமைக் குடும்பத்தின் கடைசி வாரிசு ஒருவன் தன் வீட்டுக்குள்ளேயே எலியைப் போல மாட்டிக்கொள்ளும் கதை. நிலச் சீர்திருத்தம் என்ன செய்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட அந்தப் படத்தில் அவன் நகம் வெட்டிக்கொள்வதைப் பார்த்தால் அதிகம் புரியும். அதற்கு லண்டனில் சதர்லாண்ட் கோப்பை கிடைத்தது.

1973இல் எம்.டி. தானே இயக்கிய 'நிர்மால்யம்' தனியாகச் சொல்ல வேண்டிய படம். வருமானம் இல்லாமல் பாழடையும் ஒரு பகவதி கோயில், அதன் வெளிச்சப்பாடு (சாமியாடி), அவர் வீட்டில் பசி. கடைசியில், தான் வாழ்நாள் முழுக்க ஆடிய அம்மன் முன்னால் நின்று நெற்றியை வெட்டிக்கொண்டு, அவள் முகத்திலேயே ரத்தத்தைத் துப்புகிறார். நடித்தவர் பி.ஜே. ஆண்டனி, கிறிஸ்தவர், நாடகக்காரர். சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டு தேசிய விருதுகளும் கிடைத்தன. எழுதியவர் கோயில் சார்ந்த சமூகத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். உள்ளே இருந்து எழுந்த கோபம் என்பதால்தான் அந்தக் காட்சி பொய்யாகத் தெரியவில்லை. இன்று அதே காட்சியைப் படமாக்க யாராவது துணிவார்களா என்று கேரளத்திலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.

ஜான் ஆபிரகாமைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெங்கட் சாமிநாதன் எழுத, 'அக்கிரகாரத்தில் கழுதை' படத்தை 1977இல் தமிழில் எடுத்தவர். மலையாளத்தில் அவர் செய்ததோ வேறு யாரும் செய்யாத வேலை. ஒடேசா என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் சிறு சிறு தொகையாக வசூலித்து 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். படத்தையும் அப்படியே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கொட்டகை என்ற சங்கிலியே இல்லாமல் ஒரு முழுநீளப் படம். அடுத்த வருடமே ஜான் இறந்துபோனார்.

இனி நான் அதிகம் நேசிக்கிற பகுதிக்கு வருகிறேன். விருதுப் படத்துக்கும் வசூல் படத்துக்கும் இடையில் 1975 முதல் 1990 வரை ஒரு வழி திறந்தது. பரதன், பத்மராஜன், கே.ஜி. ஜார்ஜ் மூவரும் அந்த வழியில் நடந்தவர்கள். பரதன் ஓவியர், கலை இயக்குநராக வந்தவர். தமிழில் 'தேவர் மகன்' எடுத்ததால் நமக்குத் தெரிந்தவர். அவருடைய முதல் படம் 'பிரயாணம்' (1975). அதற்குப் பத்மராஜன் கதை எழுத, பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்தார். பத்மராஜன் சிறுகதையிலிருந்து வந்தவர். ஆசையையும் ஒழுக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு சொல்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. 'தூவானத்தும்பிகள்' படத்தை இன்றைய இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிட 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' (1986) பெரிய படம். வளர்ப்புத் தந்தையால் சீரழிக்கப்பட்ட பெண்ணை, நடந்ததைத் தெரிந்துகொண்டே, எந்தத் தியாக வசனமும் பேசாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான் நாயகன். வில்லன் கையால் கெட்ட பெண் கிளைமாக்ஸில் சாக வேண்டும் என்ற இந்திய சினிமாவின் எழுதாத சட்டத்தை அந்த ஒரு காட்சி உடைத்தது.

ஜார்ஜ்தான் என் கணக்கில் இவர்களில் ஆழமானவர். 'யவனிகா' (1982) ஒரு நாடகக் குழுவில் தபலா வாசிக்கும் ஐயப்பன் காணாமல் போவதில் தொடங்குகிறது. போலீஸ் விசாரணை நகர நகர, மேடைக்குப் பின்னால் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒவ்வொரு படலமாக அவிழ்கிறது. துப்பறியும் கதையாகவே பார்த்து ரசித்துவிட்டு எழுந்துவிடலாம், ஆனால் அன்றிரவு தூக்கம் வராது. 'ஆதாமின்றெ வாரியெல்லு' (1983) மூன்று பெண்களின் கதை: பணக்கார வீட்டு மனைவி, சம்பளம் வாங்கும் நடுத்தர வீட்டு மனைவி, வீட்டு வேலைக்காரி. முதல் இரண்டு பேருக்கும் வழி அடைகிறது. வேலைக்காரி மட்டும் மற்ற பெண்களோடு சேர்ந்து காப்பகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு, எதிரே நிற்கும் படப்பிடிப்புக் குழுவையும் இயக்குநரையும் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடுகிறாள். 1983இல்! 2021இல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தபோது திடீரென்று வானத்திலிருந்து குதித்த மாதிரிப் பேசினார்கள். அந்தப் படத்தின் அடுப்படிக்குப் பின்னால் ஜார்ஜ் நிற்கிறார். அவருடைய 'பஞ்சவடிப்பாலம்' (1984) ஒரு பஞ்சாயத்துக்காரர்கள் தேவையில்லாத பாலத்தைக் கட்டும் கதை. பல வருடம் கழித்துக் கொச்சியில் பாலாரிவட்டம் மேம்பாலம் திறந்த சில வருடங்களிலேயே விரிசல் விட்டபோது கேரளம் முழுக்க இந்தப் படத்தின் பெயர்தான் பேச்சில் அடிபட்டது.

நகைச்சுவைக்கும் இதே எழுத்துப் பலம்தான். சீனிவாசன் எழுதி சத்யன் அந்திக்காடு எடுத்த 'நாடோடிக்காற்று' (1987) படத்தில் வேலையில்லாத இரண்டு இளைஞர்கள் கள்ளத்தோணியில் துபாய் போவதாக நினைத்து சென்னைக் கரையில் இறங்குகிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் 1970கள் முதல் வளைகுடாவுக்குக் கிளம்பிய லட்சக்கணக்கான இளைஞர்களின் அவசரமும் ஏமாற்றமும் அதற்குள் இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து சேமித்த பணத்தோடு வந்து பேருந்து வாங்கி, தொழிற்சங்கத் தகராறில் சிக்கி எல்லாவற்றையும் இழப்பவனின் கதை 'வரவேல்பு' (1989). ஒரே வீட்டு அண்ணன் தம்பி எதிரெதிர்க் கட்சியில் இருந்து வீட்டையே போர்க்களமாக்குவது 'சந்தேசம்' (1991). அதில் போலந்தைப் பற்றி வரும் வாக்குவாதத்தை மலையாளிகள் இன்றும் அரசியல் பேச்சில் எடுத்துப் போடுகிறார்கள். இடதுசாரிகளைக் கேலி செய்யும் படங்களை இடதுசாரி ஊரே ரசித்துப் பார்த்தது. அந்தப் பக்குவம் எனக்குப் பிடிக்கும். அதே சமயம், இந்தப் படங்கள் அரசியலே வேண்டாம் என்ற நடுத்தர வர்க்கச் சலிப்பை வளர்த்தன என்ற விமர்சனமும் நியாயமானதுதான்.

மம்மூட்டி, மோகன்லால் இருவரும் பெரியவர்களானது இந்த எழுத்தாளர்களின் கையில். லோகிததாஸ் எழுதிய 'தனியாவர்த்தனம்' (1987) படத்தில், குடும்பத்தில் பைத்தியம் பரம்பரையாக வரும் என்று ஊரே சொல்லிச் சொல்லி ஒரு நல்ல ஆசிரியரைப் பைத்தியமாக்குகிறது. மம்மூட்டி அந்த ஆசிரியர். 'கிரீடம்' (1989) படத்தில் போலீஸாக வேண்டிய மகன் ரவுடியாகிறான். மோகன்லால் சண்டையில் ஜெயித்து வாழ்க்கையில் தோற்கிறார். உச்சத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் இப்படித் தோற்பதற்குச் சம்மதித்தார்கள், கூட்டமும் வந்து பார்த்தது. மம்மூட்டி 'விதேயன்' படத்தில் அருவருப்பான கொடூரனாக நடித்தார். மோகன்லால் கதகளிக் கலைஞராக நடித்த 'வானபிரஸ்தம்' (1999) படத்தைத் தானே தயாரித்தார்.

சரி, அப்புறம் ஏன் சரிந்தது? பத்மராஜன் 1991இல் போனார், பரதன் 1998இல். ஜார்ஜ் ஒதுங்கிவிட்டார். நட்சத்திரங்களுக்காகக் கதை எழுதுவது என்ற வழக்கம் வந்தது. 'ஆறாம் தம்புரான்' (1997), 'நரசிம்மம்' (2000) போன்ற படங்களில் பழைய நிலவுடைமை வீட்டு ஆண் மறுபடி நாயகனாகிவிட்டான். எலிப்பத்தாயத்தில் அழுகிப்போன அதே ஆளுக்கு இருபது வருடம் கழித்துப் பின்னணி இசை போட்டுக் கைதட்டினார்கள். பெண்கள்மீது கை நீட்டுவதும், சாதிப் பெருமையும், நிறத்தைக் கேலி செய்வதும் வசனங்களில் புகுந்தன. கொட்டகைகள் மூடப்பட்டு கல்யாண மண்டபங்களாயின. சில வருடங்கள் ஷகீலா நடித்த குறைந்த செலவுப் படங்கள்தான் கொட்டகைகளைக் காப்பாற்றின. அதற்கு அவருக்குக் கிடைத்தது அவமானம் மட்டுமே.

மீட்சி 2011இல் 'டிராஃபிக்', 'சால்ட் அண்ட் பெப்பர்' போன்ற படங்களோடு வந்தது. டிஜிட்டல் கேமரா செலவைக் குறைத்தது. உலகப் படங்களைக் கணினியில் பார்த்து வளர்ந்த தலைமுறை வந்தது. சுமார் மூன்றரைக் கோடிப் பேருள்ள மாநிலத்தின் சந்தை சிறியது, ஆகவே தோற்றாலும் தாங்கக்கூடிய பட்ஜெட்டில் எடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியே துணிச்சலுக்கு இடம் கொடுத்தது. முக்கியமாக எழுத்தாளர் திரும்பி வந்தார். சியாம் புஷ்கரன், எஸ். ஹரீஷ் போன்றவர்களின் பெயரை மறுபடி சுவரொட்டியில் தேட ஆரம்பித்தார்கள்.

புதிய படங்களில் ஊர்தான் எனக்கு மிகப் பெரிய விஷயம். 'மகேஷின்றெ பிரதிகாரம்' (2016) இடுக்கியின் ஒரு சிறு கடைவீதி. 'அங்கமாலி டைரீஸ்' (2017) பன்றிக்கறியும் குர்பானா என்ற சர்ச் பூசையும் பேண்டு வாத்தியமும். 'தொண்டிமுதலும் திருக்‌ஷாட்சியும்' (2017) காசர்கோட்டின் வறண்ட தண்ணீர்க் கஷ்டம். 'சுடானி ஃபிரம் நைஜீரியா' (2018) மலப்புறத்தின் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. ஒவ்வொரு மாவட்டத்தின் பேச்சும் அப்படியே ஒலிக்கிறது. பழைய படங்களில் எல்லோரும் ஒற்றப்பாலம் பக்கத்து நாயர் வீட்டு மலையாளத்தையே பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் 'இயல்பு' என்று உணர்வதில் பாதி, இந்தப் பேச்சும் வீட்டுச் சுவரும் சாப்பாடும்தான்.

ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்த மனமில்லை. 'கம்மட்டிப்பாடம்' (2016) கொச்சி நகரம் எந்தத் தலித்துகளின் வயல்மீது எழுந்தது என்று காட்டியது. விநாயகனுக்கு மாநிலத்தின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ரோசி ஓடிப்போய் எண்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் அப்படி ஒரு படம் அபூர்வம் என்பதுதான் நிலைமை. 2017இல் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதன்பின் நடிகைகளும் தொழில்நுட்பக் கலைஞர்களும் பெண்கள் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டதால் அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. சுயம்வரத்தின் நாயகி சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை அரசு 2024 ஆகஸ்ட் வரை வெளியிடவில்லை. வெளியானபோது, படப்பிடிப்பில் கழிப்பறைகூட இல்லாததிலிருந்து வாய்ப்புக்காகப் படுக்கை கேட்பது வரை எல்லாம் அதில் இருந்தது. நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவே ராஜினாமா செய்தது. திரையில் பெண்ணின் மூச்சுத் திணறலை அத்தனை நுட்பமாகக் காட்டிய தொழில், தன் வீட்டுக்குள் அதைக் கேட்க மறுத்தது. பேசத் துணிந்த பெண்கள் பலர் வாய்ப்பை இழந்தார்கள். அவர்களுடைய பெயர்களும் மலையாள சினிமா வரலாற்றில் இயக்குநர்களின் பெயர்களுக்குச் சமமாக எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழர் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மலையாளப் படங்களில் தமிழர் என்றால் பெரும்பாலும் கூலியாள், திருடன், இல்லையென்றால் கேலிக்குரிய 'பாண்டி'. நாமும் மலையாளியை டீக்கடைக்காரராகவும் மலையாளப் பெண்ணைக் கவர்ச்சிக்காகவும் மட்டுமே காட்டியிருக்கிறோம். இது மெதுவாக மாறுகிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில், வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்தில் நுழைந்து, காணாமல் போன சுந்தரமாகவே மாறி வாழத் தொடங்குகிறார். பின்னணி இசைக்குப் பதில் பழைய தமிழ்ப் பாட்டுகளும் பட வசனங்களும் வீட்டு வீட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. கொடைக்கானல் குணா குகையில் நடந்த 'மஞ்ஞுமல் பாய்ஸ்' (2024) தமிழ்நாட்டில் டப்பிங் இல்லாமலே ஓடியது இளையராஜா பாட்டுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கூடப் பிறந்தவனைப் போல ஒரு நண்பனைக் காக்க நூறடிப் பள்ளத்தில் இறங்கும் கதைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது? கால வரிசையில் போகாதீர்கள், நீலக்குயிலில் தொடங்கினால் பாதியில் சோர்ந்துவிடலாம். முதலில் 'யவனிகா' பாருங்கள். விறுவிறுப்பாகவும் இருக்கும், ஜார்ஜின் பார்வையும் பிடிபடும். அடுத்து 'நாடோடிக்காற்று', சிரிப்புக்காக. பிறகு 'தனியாவர்த்தனம்', அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்காருங்கள். 'எலிப்பத்தாயம்' பார்க்கும்போது முதல் அரை மணி நேரம் மெதுவாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் நேரத்துக்கு உங்கள் மூச்சு பழகிவிடும். 'ஆதாமின்றெ வாரியெல்லு', 'கிரேட் இந்தியன் கிச்சன்' இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். அரவிந்தனை 'கும்மாட்டி'யில் தொடங்கலாம். அண்மையில் அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்கார வையுங்கள். டப்பிங் பதிப்பு கிடைத்தாலும் வேண்டாம். சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். நான்கைந்து படம் தாண்டியதும் அதையும் எடுத்துவிடலாம். பாதி புரியும், மீதியை முகங்கள் சொல்லிவிடும்.